முதுகில் பேர் போட்ட கோட்டு

நுவரெலியா பேல் பசாரில், பழைய உடுப்புக் குவியலுக்கு மேலே, கபில நிறத்தில் ஒரு கோட்டு தொங்கியது. முதுகில் சிறகு விரித்த கழுகு. அதன் கீழே ஆங்கிலத்தில் ஏதோ ஒரு படைப்பிரிவின் பெயர். பதுளை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால் தொட்டுப் பார்த்தேன். தோல் இல்லை, ரெக்சின். முழங்கை மடிப்பில் மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து உள்ளேயிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. கழுகு மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது, மெஷினில் அச்சடித்த கழுகு. “எடுங்கண்ணே, பைலட் கோட்டு. நமுனுகுலப் பனிக்கு இது இல்லாம எப்படி?” என்றார் கடைக்காரத் தம்பி. எந்த ஊர் என்று கேட்டபோது சொல்லித் தொலைத்தது என் தப்பு.

கோட்டை வாங்கவில்லை. ஆனால் அதன் அசல் எங்கே பிறந்தது என்ற கேள்வி பஸ்ஸில் என்னோடு ஏறிவிட்டது.

உலகம் இதை ஜாக்கெட் என்கிறது. நமக்கு ஜாக்கெட் என்றால் சேலைக்குப் போடுவது. ஆகவே இங்கே கோட்டு என்றே எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. வேட்டி, தலைப்பாகை, அதற்கு மேல் கறுப்புக் கோட்டு என்று நின்றால் அவர் பெரிய கங்காணி. மற்றவர்களுக்குக் கம்பளி. அந்தக் கம்பளியின் விலையும் கணக்கில் ஏறிக் கடனாக நிற்கும். குளிர் எல்லோருக்கும் ஒன்று, உடுப்பு ஆளுக்கு ஏற்றபடி.

விமானிகளுக்கும் முதலில் இருந்தது குளிர்தான். ஆரம்பகால விமானங்களில் ஓட்டுநர் அமரும் இடத்துக்குக் கூரை இல்லை. காற்று நெஞ்சில் மோதும். அதைத் தடுக்கத் தோலை விட்டால் வேறு வழி இல்லாத காலம். அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1927இல் ஏ-1 என்ற தோல் கோட்டைக் கொண்டுவந்தது. பின்னலாடைக் கழுத்து, முன்பக்கம் பொத்தான்கள். கையுறை போட்ட விரலால் பொத்தான் மாட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் சிரமம் தெரியும். 1931 மே 9இல் அதற்குப் பதிலாக வந்தது ஏ-2. பொத்தான் போய் ஜிப் வந்தது, ஜிப்பை மூடக் காற்றுத் தடுப்புப் பட்டி வந்தது, பின்னல் கழுத்து போய்த் தோல் கொலர் வந்தது. பெரும்பாலும் குதிரைத் தோல். இடுப்பிலும் மணிக்கட்டிலும் கம்பளிப் பின்னல். முன்பக்கம் மூடி வைத்த இரண்டு பைகள் உண்டு. ஆனால் கையைச் சூடாக்கப் பக்கவாட்டில் நுழைக்க வழியில்லை. பைக்குள் கைவிட்டு நிற்பது ராணுவத்தில் ஒழுக்கக்கேடு.

ஆனால் ஏ-2 அப்படியொன்றும் குளிருக்குப் பெரிய மருந்து கிடையாது. நமுனுகுல உச்சி 2,000 மீற்றரைச் சற்றுத் தாண்டும். தை மாதத்தில் அதன் அடிவாரத்து லயத்திலிருந்து விடியலில் பிரட்டுக்களத்துக்கு இறங்குகிறவருக்கு அந்தக் கோட்டு போதும், மிச்சமாகவும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பா மீது பறந்த பி-17 குண்டுவீச்சு விமானங்கள் போன உயரமோ 25,000 அடி, கிட்டத்தட்ட நமுனுகுலவைப் போல நான்கு மடங்கு. அங்கே வெப்பநிலை மைனஸ் 40 பாகைக்கும் கீழே போகும். துப்பாக்கியின் இரும்பை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஆட்டுத்தோல் ரோமக் கோட்டும் மின்சாரத்தில் சூடேறும் உடுப்பும் தேவைப்பட்டன. ஏ-2 உள்ளே இருந்தது, அல்லது தளத்தில் ஆணியில் தொங்கியது. அதை ஆசையாகப் போட்டுக்கொண்டது தரையில்தான்: சாப்பாட்டு மண்டபத்தில், லீவு நாளில் ஊர்க்கோடி மதுக்கடையில், பெண்கள் பார்க்கும் இடத்தில்.

முதுகுப் படத்தின் பிறப்பும் அந்தத் தரையில்தான். நாலு பேர் பார்க்கும் இடத்தில் போடுகிற உடுப்பில்தானே எழுதத் தோன்றும்?

படம் எழுதும் பழக்கம் விமானத்தின் மூக்கில் தொடங்கிக் கோட்டின் முதுகுக்கு இறங்கியது. முதலாம் உலகப் போரில் இத்தாலிய விமானி பிரான்செஸ்கோ பராக்கா தன் விமானத்தில் எழுதிய பாயும் குதிரைதான் பின்னாளில் பெராரி கார்களின் சின்னமானது. ராணுவத்தான் சும்மா இருந்தால் எதன் மேலாவது படம் போடுவான் என்பதற்கு நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. தியத்தலாவையில் ரயில் நிற்கும்போது மலைச்சரிவைப் பாருங்கள். வெள்ளைக் கல்லில் ஒரு நரி. பொக்ஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் நூறு வருடத்துக்கு முன் தங்கள் கப்பலின் பெயரை ஊவா மலையில் படமாக்கிவிட்டுப் போனார்கள். கப்பல் எப்போதோ போய்விட்டது. நரி இன்னும் நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தளம் ஒவ்வொன்றிலும் தூரிகை பிடிக்கத் தெரிந்த ஒருவர் அகப்பட்டார். இங்கிலாந்தின் பசிங்போர்ன் தளத்தில் டோனி ஸ்டார்சர் என்ற கோப்ரல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களுக்குப் படம் எழுதினார். 1943 மே மாதம் 25 தாக்குதல்களை முடித்துப் பேர் வாங்கிய ‘மெம்பிஸ் பெல்’ விமானத்தின் பெண் உருவமும் அவர் கையால் வந்ததுதான். ஒரு பக்கம் நீல உடை, மறுபக்கம் சிவப்பு உடை. மாதிரிக்குச் சஞ்சிகைப் படங்கள் கிடைத்தன. வால்ட் டிஸ்னியின் ஓவியக்கூடம் காசு வாங்காமலே 1,200க்கும் மேற்பட்ட படைச்சின்னங்களை வரைந்து கொடுத்தது. விமானத்தில் எழுதிய அதே பெண், அதே வாத்து, அதே எலும்புக்கூடு அந்த விமானத்தின் ஆட்களுடைய முதுகுக்கும் வந்து சேர்ந்தன. கையில் கிடைத்த பெயின்ட் எதுவோ அதுதான் சாயம்.

படத்துக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள். ஒரு தாக்குதல் போய்த் திரும்பினால் ஒரு குண்டு. இதை நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். செக்ரோலில், அதுதான் தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் விழுவது போல. நமக்கு அரை நாளுக்கு அரைப்பேர் உண்டு, அவர்களுக்கு அது கிடையாது. திரும்பி வந்தால் ஒரு பேர், வராவிட்டால் கோட்டு ஆணியில். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில் மட்டும் செத்தவர்கள் 26,000க்கும் மேல். இருபது வயதுப் பையன் ஒவ்வொரு குண்டாக எழுதிக்கொண்டு போனதை வெறும் பெருமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசாங்கம் ஒரே அச்சில் வெட்டிக் கொடுத்த உடுப்பில், தான் இன்னும் இருக்கிறேன் என்று அவன் போட்ட பேர் அது.

அந்தப் பேர் வினையாகவும் முடிந்திருக்கிறது. 1943 கடைசியில் ஜெர்மனியில் பிடிபட்ட ஓர் அமெரிக்கரின் முதுகில் ‘கொலைக் கம்பெனி’ என்ற பொருளில் எழுதியிருந்தது. ஒரு விமானத்துக்கு விளையாட்டாக வைத்த பெயர்தான். நாஜிகள் அவரை முதுகைக் காட்டி நிற்கவைத்துப் படம் பிடித்து, ‘பாருங்கள், இவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்’ என்று பிரசாரம் செய்தார்கள்.

முதுகில் இன்னொன்றும் தைத்தார்கள். அதைப் பற்றிப் படித்தபோதுதான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

சீனாவுக்காகப் பறந்த ‘பறக்கும் புலிகள்’ அமெரிக்கத் தொண்டர்கள். 1941இல் பர்மாவின் டவுங்கூவில் பயிற்சி எடுத்தவர்கள். இவர்களுடைய கோட்டின் முதுகில் சீனக் கொடியும் சீன எழுத்தும் உள்ள ஒரு துணி இருக்கும். இந்த வெளிநாட்டான் நமக்காகப் போரிட வந்தவன், ராணுவமும் மக்களும் இவனைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். ஆங்கிலத்தில் அதற்கு ‘பிளட் சிட்’ என்று பெயர். சிட் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது இந்துஸ்தானியிலிருந்து. துரையிடம் சிட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன நமக்கு அது புதுச் சொல் இல்லை. வழக்கமும் நம் பக்கத்ததுதான். இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தியாவின் வடமேற்கு எல்லையில் பறந்த பிரித்தானிய விமானிகள், தங்களை உயிரோடும் முழு உடம்போடும் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குச் சன்மானம் உண்டு என்று உள்ளூர் மொழிகளில் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டே ஏறினார்கள்.

ஆளின் பேரில் ஒரு தொகை எழுதிய சீட்டு. தோட்டத்துக்காரருக்கு உடனே துண்டு ஞாபகம் வரும். ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், ‘இவ்வளவு கடன், கட்டினால் இவர்களை விடுகிறேன்’ என்று துரை எழுதிக் கொடுத்ததுதான் துண்டு. புதுத் துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுப்பார், கடன் அவர்கள் தலையில் ஏறும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். பிரித்தானிய விமானியின் சிட்டு ஆளைத் தப்பவைக்க எழுதியது. நம் துண்டு ஆளைக் கட்டிப்போட எழுதியது. இரண்டிலும் எழுதினவன் வெள்ளைக்காரன். ஆனால் அவன் தனக்கு எழுதிக்கொண்டதைப் பாருங்கள், நமக்கு எழுதிக் கொடுத்ததைப் பாருங்கள்.

இந்தப் போர் நம் தீவுக்கும் வந்தது. 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலை சீனன்குடாவிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள் கிளம்பி, கடல் கடந்து சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போயின. சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் இருந்த அமெரிக்கர்களின் தோளில் சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் உள்ள சின்னம் இருக்கும். அதை இந்தியக் கடைத்தெருத் தையற்காரர்கள் ஜரிகையிலும், சிலர் தோலைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டித் தைத்தும் கொடுத்தார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி எடுப்பது அந்தக் கைவேலையை. அமெரிக்கத் தொழிற்சாலையில் ஒரே அளவில் வந்த சின்னத்துக்கு அவ்வளவு மதிப்பு இல்லை. தைத்தவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆனால் பணத்துக்குப் பேர் கிடைத்தது: இலங்கையில் திரட்டிய பணத்துக்காகப் பிரித்தானிய விமானப்படையின் 102ஆம் பிரிவுக்குச் ‘சிலோன்’ என்று பெயரே வைத்தார்கள். குண்டைக் கையில் பிடித்த சிங்கம் அதன் சின்னம்.

1943இல் அமெரிக்க ராணுவம் தோலை விட்டுத் துணிக் கோட்டுக்கு மாறியது. இருந்த ஏ-2க்களை விமானிகள் விடவில்லை. போர் முடிந்ததும் அவை தோட்ட வேலைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் பழைய பெட்டிக்கும் போயின. 1963இல் ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஏ-2 போட்டு வந்தார். பிறகு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பழசைத் தேடும் கூட்டம் உருவானது. ஜப்பானியர்கள் அசலைப் பிரித்துப் பார்த்துத் தையல் எண்ணிக்கை வரை அப்படியே நகல் செய்தார்கள். 1988இல் அமெரிக்க விமானப்படையே ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தது.

படம் இருந்தால் விலை ஏறும் என்றானதும், அசல் கோட்டின் மேல் புதிதாகப் படம் எழுதி விற்பவர்கள் வந்தார்கள். கண்டுபிடிக்கும் வழி எளிது. பேல் பசார் ரெக்சினை உற்றுப் பார்த்தவருக்கு இன்னும் எளிது. 80 வருடமாகத் தோல் மடிந்த இடத்தில் பெயின்டும் மடிந்து வெடித்திருக்க வேண்டும். வெடிப்புக்கு மேலே சாயம் ஓடி, மடிப்புக்குள் இறங்கிக் காய்ந்திருந்தால் படம் பிந்தியது. புறஊதா விளக்கில் நூல் பளிச்சென்று மினுங்கினால் அந்த நூல் போர்க்காலத்தது அல்ல. எல்லாவற்றையும் விட முக்கியம் பெயர். போட்டவர் பெயர் நெஞ்சுப் பட்டையில் இருந்து, அவர் எந்தப் பிரிவில் எத்தனை முறை பறந்தார் என்று பதிவேடும் கிடைத்தால் அது பல ஆயிரம் டொலர். பெயர் தெரியாவிட்டால் அது ஒரு பழைய குதிரைத் தோல்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் கம்பளி கடைசியில் நாய்க்குப் படுக்கையானது. பெரிய கங்காணிமாரின் கறுப்புக் கோட்டு எத்தனை வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் போட்டோவைத்தான் காட்டுவார்கள். நமுனுகுல, பசறை, மடுல்சீமைப் பக்கம் யார் வீட்டுத் தகரப் பெட்டியிலாவது அப்படியொரு கோட்டோ கம்பளியோ கிடந்தால், வெயிலில் போட்டு எடுத்து, ஒரு துண்டில் அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று எழுதிப் பைக்குள் வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஈரத்தில் கரையும்.