தோட்டத்துப் பிள்ளையும் நீதிமன்ற வாயிலும்

இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய ஊர்களைச் சூழ்ந்து தேயிலையும் இறப்பரும் வளர்கின்றன. நுவரெலியாவைப் போல் மலை முழுவதும் தோட்டமாய்த் தொடர்வதில்லை இங்கு. சிங்களக் கிராமங்களுக்கிடையே தோட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆதலால் ஒரு தமிழ்ப் பாடசாலைக்கும் மற்றொன்றுக்கும் இடையே தொலைவு அதிகம். நல்ல காலுடைய பிள்ளைக்கே பள்ளி எட்டாதிருந்த இம்மண்ணில், பார்வையற்ற பிள்ளைக்கும், செவிகேளாத பிள்ளைக்கும், நடக்கவியலாத பிள்ளைக்கும் கல்வியுரிமை எவ்வாறு வந்தது? எவ்வளவு வந்தது?

தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியைச் சட்டம் முதன்முதலில் கருத்திற் கொண்டது 1907இல். அவ்வாண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டமும், பின்னர் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கின. கடமை துரையுடையதாயிற்று, ஆயின் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை பிள்ளைக்குரியதென அன்று எவரும் எண்ணினாரில்லை. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஓர் அறை, ஓர் ஆசிரியர். அங்கே புலன்குறையுடைய பிள்ளையை எண்ணிப் பார்த்தவர் யார்? பிள்ளைக்காம்பராவை விட்டு நீங்கும் வயது வந்த பின்னரும் அப்பிள்ளைக்கு லயத்து வாசலே உலகம்.

செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கென 1912இல் தொடங்கப்பெற்ற பாடசாலை இரத்மலானையில் நிலைபெற்றது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் எழுந்தது. இரண்டும் போற்றத்தக்க அறப்பணிகள். ஆனால் அறப்பணி வேறு, உரிமை வேறு. இறக்குவானைத் தோட்டத்துத் தாய்க்குக் கைதடி என்பது இலங்கையின் மறுமுனை.

இனி, இம்மாகாணத்திலேயே பிறந்த பெரியதொரு வழக்கைக் கூற வேண்டும். அது பள்ளிக்கூட வழக்கன்று, வாக்குரிமை வழக்கு. எனினும் பள்ளிக்கூடத்தின் விதியும் அதனோடு பிணைந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லைத் தொகுதி இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன்பிள்ளை என்பார் விண்ணப்பித்தார். பதிவதிகாரி மறுத்தார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்று துணிந்து தீர்ப்பளித்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் மேன்முறையீட்டை நிராகரித்தது.

அந்த 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்தார்மீது மட்டும் இயலாமைகளைச் சுமத்தும் சட்டத்தைத் தடுத்தது. அங்கே ஆளப்பட்ட 'டிஸபிலிட்டி' என்னும் ஆங்கிலச் சொல்லே பிற்காலத்தில் உடற்குறை, புலன்குறை உடையோரைக் காக்கும் சட்டத்தின் பெயரிலும் இடம்பெற்றது. சட்டம் சுமத்திய இயலாமை ஒன்று. பிறப்போ நோயோ தந்தது மற்றொன்று. தோட்டத்துப் பிள்ளை இரண்டையும் சுமந்தது.

வாக்கில்லாதவருக்காகப் பாராளுமன்றத்திற் பேசுவார் யார்? 1952 முதல் 1977 வரை, நியமன உறுப்பினர் தவிர, தோட்டத் தொழிலாளரின் சொந்த அமைப்புகள் தேர்தல் வழியே எவரையும் அங்கு அனுப்ப இயலவில்லை. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை 1977க்குப் பின்னரே அரசின் கைக்கு வந்தன. இக்கால் நூற்றாண்டின் இழப்பை முதலில் உணர்ந்தவை, தனிக் கவனம் வேண்டி நின்ற பிள்ளைகளாகவே இருந்திருக்க வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் பெற்றோர் நீதிமன்றம் ஏறினர். பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி எய்தாத பிள்ளையைப் பள்ளி மறுக்கலாம் என்றிருந்தது சட்டம். 1971இல் வழக்கின் முடிவாக அந்தக் கதவு திறக்கப்பட்டது. 1972இல் வாஷிங்டன் நகரத்து வழக்கில் நீதிபதி வாடி, பணம் போதாதென்றால் அக்குறையை இப்பிள்ளைகள் மட்டும் ஏனையோரினும் அதிகமாய்ச் சுமக்கலாகாது என்று தீர்த்தார். 1975இல் நாடளாவிய சட்டம் பிறந்தது. பெயரளவிலான முன்னேற்றம் போதாது என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மேலும் உரைத்தது.

இலங்கை சென்ற வழி வேறு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு யாவருக்கும் சமமான கல்வி வாய்ப்பை அரசின் குறிக்கோளாகக் கூறிற்று; ஆயின் அதனை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாதென்றும் உடன் கூறிற்று! சமத்துவம் என்னும் அடிப்படை உரிமையைப் பற்றி உயர் நீதிமன்றம் செல்லலாம். ஒரு மாதத்துக்குள், கொழும்புக்கு. இந்நிலையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்மையானதொரு படி. இயலாமையைக் காரணங்காட்டிக் கல்வி நிலையத்தில் சேர்க்க மறுத்தல் ஆகாது என்கிறது அதன் 23ஆம் பிரிவு. மறுக்கப்பட்டவர் தாம் வாழும் மாகாணத்தின் மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம் என்கிறது 24ஆம் பிரிவு. கட்டாயக் கல்வி 1998 முதல் ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்டோர்க்கு நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை பதினாறு வயதாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே இயலாமையுடையோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றுறுதி செய்தது.

பெரிதாய்ப் பேசப்பட்ட வழக்கு, கட்டடங்களின் அணுகுவசதி பற்றியது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தாமே மனுதாரராய் நின்று, பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி அமைய வேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றத்தின் ஆணையைப் பெற்றார். அவ்வெற்றி சிறிதன்று. ஆனால் சாய்தளம் வாசல்வரை கொண்டுசெல்லும். உள்ளே தமிழிற் பிரெயில் கற்பிக்கும் ஆசிரியர் உண்டா, சைகைமொழி அறிந்தவர் உண்டா என்பது வேறு வினா. 23ஆம் பிரிவும் சேர்த்துக்கொள்வதைப் பற்றியே பேசுகிறது. சேர்ந்த பின் கிடைக்கவேண்டியதைப் பற்றி அன்று.

சபரகமுவத் தோட்டத்துத் தந்தை இரத்தினபுரி மேல் நீதிமன்றம் செல்ல ஒரு நாட் பேரை இழக்க வேண்டும். அதனினும் கடினமானது வேறொன்று. பள்ளியிற் கூறப்படும் மறுப்பு பெரும்பாலும் வாய்ச்சொல்லே. இங்கு வசதியில்லை, வேறெங்கேனும் பாருங்கள் என்பதோடு முடிந்துவிடும். கோடக்கன்பிள்ளையின் வழக்கு இலண்டன் வரை சென்றதற்கு அவருடைய விண்ணப்பமும் அதிகாரியின் மறுப்பும் ஏட்டில் இருந்தமை காரணம். பள்ளி வாயிலிலிருந்து திரும்பிவரும் தாயின் கையிலோ காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருப்பதில்லை.