‘லோலைட்’ காரும் ‘ஸ்ரீ’ நம்பரும்

பதுளைத் தெருவில் பழைய மொரிஸ் மைனர் போனால், நான் இலக்கத் தகட்டைத்தான் பார்ப்பேன். கார் ஆர்வலர்கள் முகப்பைப் பார்ப்பார்கள். 1948இல் வந்த முதல் வகையில் முன்விளக்குகள் கிரில்லுக்குள் தாழ்வாக இருந்தன. அதன் பட்டப்பெயர் ‘லோலைட்’. விளக்குகள் மேலேறிய பிறகும் முன்கண்ணாடி இரு துண்டாகவே இருந்தது. அது ‘ஸ்பிளிட் ஸ்கிரீன்’. லோலைட்டின் கண்ணாடியும் இரு துண்டுதான் என்பதால் எதை எப்படி அழைப்பது என்ற வாதம் ஓயாது. 1956இல் ஒற்றைக் கண்ணாடியுடன் ‘மைனர் 1000’ வந்தது.

இலங்கையில் வேறொரு பிரிப்பும் உண்டு: ஆங்கில எழுத்து நம்பர், ‘ஸ்ரீ’ நம்பர். 1957 முதல் புதிதாகப் பதிவான வாகனங்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. வடக்கு, கிழக்கில் அந்த எழுத்துக்குத் தார் பூசப்பட்டது. மலையகத்திலும் எதிர்ப்பு எழுந்தது. 1958 ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது; மே மாதம் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது.

இன்று கார் விற்பவருக்கு ‘ஸ்ரீ நம்பர்’ வண்டியின் வயதைச் சொல்லும் அடையாளம். எங்கள் பிள்ளைகளுக்கு அதன் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.