ஏர்கன்னுக்கு எண்ணெய் விடும் பழக்கம் வந்த கதை

ஏர்கன் வைத்திருக்கும் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. வேகம் குறைந்ததாகத் தோன்றினால், பேரல் வழியாக நாலு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுவார்கள். இது எங்கிருந்து வந்தது என்று தேடினால் நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லிங்கன் ஜெஃப்ரிஸ் என்பவர் 1904-ல் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பி.எஸ்.ஏ. கம்பெனி அதைத் தயாரித்தது. அமுக்கி வைத்த ஸ்பிரிங், விசையை இழுத்ததும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். காற்று பின்பக்கம் கசியாமலிருக்கப் பிஸ்டன் தலையில் தோல் வாஷர் இருந்தது. நம் சைக்கிள் பம்பில் இருந்ததே, அதே சங்கதிதான். தோல் காய்ந்தால் காற்றுப் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் தடவினால் மறுபடி பிடிக்கும். ஆகவே அந்தக் காலத்துத் துப்பாக்கிக்கு எண்ணெய் அவசியம்.

ஆனால் காற்றைச் சட்டென்று நெருக்கினால் கடுமையாகச் சூடேறும். ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினுக்கு அடிப்படையாகக் கொண்டது இதைத்தான். எண்ணெய் மிஞ்சினால் ஏர்கன்னும் குட்டி டீசல் எஞ்சின் ஆகிவிடும்: 'டப்'பென்று வெடிச்சத்தம், பேரல் வாயில் புகை. 1950களில் ஜெர்மனியில் ஈதரைச் செலுத்தி வேண்டுமென்றே இப்படி எரியவைத்த 'பாரகுடா' என்ற மாடலே வந்தது. 1970களில் இங்கிலாந்தில் கார்டியூ என்ற தந்தையும் மகனும், ஏர்கன்னில் காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்பிச் சுட்டுப் பார்த்தார்கள். எரிய ஆக்சிஜன் இல்லை. குண்டின் வேகம் வெகுவாகக் குறைந்தது. சாதாரணமாகச் சுடும்போதே துளி எண்ணெய் எரிகிறது என்பது அதில் தெரிந்தது.

பிறகு செயற்கை வாஷர்கள் பரவின. அவை எண்ணெய் குடிப்பதில்லை. தோல் போனது, எண்ணெய்ப் பழக்கம் மட்டும் போகவில்லை. விட்ட எண்ணெய் உள்ளே வெடித்து, வாஷரைக் கருக்கி, ஸ்பிரிங்கையும் உடைக்கிறது. குண்டும் எதிர்பாராத வேகத்தில் போகிறது. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் நிற்கும் வீட்டில் இது விளையாட்டல்ல.

ஆகவே என் பழக்கம் இது: முதலில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். மடக்கும் மூட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய். ஸ்பிரிங்குக்கு, சர்வீஸுக்குக் கழற்றும்போது மட்டும், மெல்லியதாக மாலிப்டினம் கிரீஸ். பிஸ்டனுக்கு முன்னால் பெட்ரோலிய எண்ணெய் கிடையாது. ஸ்பிரிங் உள்ளே எப்போதும் இறுகியே இருக்கும்; அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்மூடியைக் கழற்றினால் முகத்தில் பாயும். கருவி இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.