கங்காணி உரிமம் முதல் விசா வரை: மலாயாத் தமிழரின் பயண ஆவணங்கள் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

இந்தியாவுக்குச் செல்ல விசா கோரி விண்ணப்பிக்கும் மலேசியத் தமிழர் பலர், விண்ணப்பப் படிவத்தின் ஓரிடத்தில் சற்றே தயங்கி நிற்பதுண்டு. தந்தையும் தாயும் பிறந்த ஊர்களைக் குறிக்கச் சொல்லும் இடம் அது. சிலர் ஒரு தோட்டத்தின் பெயரை எழுதுவர். சிலர் வீட்டுப் பெரியவர்களை அழைத்து, தஞ்சாவூர்ப் பக்கமா, திருச்சிராப்பள்ளிப் பக்கமா எனக் கேட்டறிந்து எழுதுவர். முன்னோர் பிறந்த மண்ணைக் காண்பதற்கு அவர்தம் வழித்தோன்றல் அயல்நாட்டார் என்னும் நிலையில் நின்று இசைவு கோருகிறார். அவருடைய பாட்டனாரோ கடல் கடந்தபோது விசா என்னும் சொல்லையே அறிந்திருக்கமாட்டார்.

எனின், அப்பாட்டனார் ஆவணம் ஏதுமின்றி வந்தாரா என்னும் வினா எழுகின்றது. அவ்வாறன்று. அவர் வேறு வகையான தாள்களுக்கு உட்பட்டு வந்தார். இந்நாட்டில் தமிழர் அயலாராகக் கருதப்படத் தொடங்கியதற்கு 1957ஆம் ஆண்டையே நாம் எல்லையாகக் கொள்வது வழக்கம். பயண ஆவணங்களை வரிசைப்படுத்தி நோக்கினால், அவ்வெல்லை நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே வரையப்பட்டுவிட்டது புலனாகும். இக்கட்டுரை அதனை விளக்க முற்படுகிறது.

தொழிலாளியின் தாள்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் 1 வரை இந்திய ஆட்சியமைப்பின் ஒரு பகுதியாகவே இருந்தன. ஆகவே, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒருவர் ஓர் ஆட்சியின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சென்றவரே ஆவார். 1867க்குப் பின்னர் நிர்வாகம் பிரிந்தது. எனினும் இரு கரையாரும் பிரித்தானியப் பேரரசின் குடிகளாகவே தொடர்ந்தனர்.

இதனால் பயணம் கட்டுப்பாடற்றதாக இருந்தது எனக் கருதுதல் பிழையாகும். கட்டுப்பாடு இருந்தது, ஆனால் அது நாட்டினத்தின் பெயரால் அன்று, உழைப்பின் பெயரால் அமைந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்ட பின் கங்காணி முறையே ஆட்சேர்ப்பின் முதன்மை வழியாயிற்று. ஆள் திரட்டச் செல்லும் கங்காணி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். திரட்டியவர்களை ஊர் முன்சீப்பிடம் காட்டி, அவருடைய ஒப்பத்தையும் பெறுதல் வேண்டும். பின்னர் நாகப்பட்டினம் அல்லது ஆவடி முகாமில் விசாரணையும் மருத்துவச் சோதனையும் நடைபெறும். பினாங்கை அடைந்தபின் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் காவல் காத்திருக்கும். பயணச் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் திரட்டப்பட்ட குடிநுழைவு நிதி ஏற்றது.

இங்கு கருதத்தக்கது ஒன்றுண்டு. அவ்வுரிமம் கங்காணிக்கு உரியது, பயணிக்கு உரியதன்று. தொழிலாளியின் வாழ்வையே மாற்றிய பயணத்தின் முதன்மைத் தாள் இன்னொருவர் கையில் இருந்தது. தம் செலவில் வந்த வணிகர், எழுத்தர் முதலானோர்க்கு இவ்விசாரணைகள் பெரும்பாலும் இல்லை. 1933இல் நடப்புக்கு வந்த அயலார் சட்டம் பெரிதும் சீனர் வருகையைக் கட்டுப்படுத்தியதேயன்றி, பிரித்தானியக் குடிகளாகிய இந்தியரைத் தீண்டவில்லை.

தாயகத்தில் மூடிய கதவு

முதலில் மூடப்பட்டது மலாயாவின் கதவன்று, இந்தியாவின் கதவே. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம், தொழிலாளர் வெளிச்செல்வதை நெறிப்படுத்தும் அதிகாரத்தை இந்திய அரசுக்கு அளித்தது. உலகப் பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்த பல்லாயிரவர் திருப்பி அனுப்பப்பட்டனர். வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1937இல் அறிக்கை அளித்தார். 1938இல் ரப்பர் விலைச் சரிவைக் காட்டித் தோட்ட நிருவாகங்கள் ஊதியத்தைக் குறைக்கவே, இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15 முதல் பயணச்செலவு வழங்கி உடலுழைப்புத் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடைசெய்தது.

இத்தடை தொழிலாளரைக் காக்கும் நோக்குடையது என்பதில் ஐயமில்லை. கங்காணி முறையும் இத்துடன் முடிவெய்தியது. ஆயினும், சொந்தச் செலவில் வருவோர்க்கு மலாயாத் துறைமுகங்கள் திறந்தே இருந்தன. போர் முடிந்தபின் ரஜூலா முதலிய கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபோது, மனைவியை அழைத்துவருதல், மகளுக்கு ஊரில் மணமுடித்தல், தம்பியைக் கடைக்கு வரவழைத்தல் என இரு கரைகளையும் ஒரே குடும்பவெளியாகக் கொண்டு வாழ்வோர் பலராயினர்.

1953: அயலாரான நாள்

அக்குடும்பவெளியை இரண்டாக்கியது 1952ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டமாகும். 1953 ஆகஸ்டு 1 அன்று அது மலாயாக் கூட்டரசிலும் சிங்கப்பூரிலும் நடப்புக்கு வந்தது. பேரரசின் குடி என்னும் தகுதி அதன்பின் நுழைவுக்குப் போதுமானதாக இல்லை. நாட்டுக்குத் தேவையான திறனோ தொழிலோ உடையவர், இங்கு வாழும் உரிமை பெற்றோரின் மனைவி மக்கள் எனச் சில பிரிவினர்க்கே நுழைவு அனுமதி வழங்கப்பட்டது. தம்பியும் மைத்துனனும் ஊர்க்காரரும் அப்பிரிவுகளுள் அடங்கவில்லை. உறவுமுறையை நம்பி நடந்த குடியேற்றத்தில் எவ்வுறவு செல்லும், எவ்வுறவு செல்லாது என்பதை இனிச் சட்டமே வரையறுத்தது.

ஏற்கெனவே இங்கு வாழ்ந்தோரையும் இம்மாற்றம் பாதித்தது. ஊர் சென்று திரும்ப விழைவோர்க்கு மறுநுழைவு அனுமதி தேவைப்பட்டது. அதற்குக் காலவரையறை உண்டு. தாயின் நோய், நிலத்தகராறு, தங்கையின் திருமணம் ஆகியவை அக்காலவரையறைக்குள் முடிந்தாக வேண்டும். எம் குடும்பத்துத் தகரப்பெட்டியில் பயன்படுத்தப்படாமலே காலங்கடந்த மறுநுழைவு அனுமதித் தாள் ஒன்று இருந்தது. பாட்டனார் ஏன் செல்லவில்லை என்பதை அது கூறவில்லை. செல்ல எண்ணினார் என்பதை மட்டுமே கூறுகிறது.

1959இல் விதிகள் மேலும் இறுகின. கணவரைப் பிரிந்து நெடுங்காலம் ஊரிலேயே வாழ்ந்த மனைவியர் வருவதும் கடினமாயிற்று. பொருளீட்டி நிலைபெற்றபின் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் எனக் காத்திருந்தோர்க்கு அக்காத்திருப்பே தடையாக மாறியது.

குடியுரிமையும் வேலை அனுமதியும்

1957 விடுதலைக்குப் பின் குடியுரிமை பெறும் வழிகள் இருந்தும், எழுத்தறிவின்மை, பிறப்புச் சான்றின்மை, சட்டத்தின் விளைவை உணராமை ஆகிய காரணங்களால் தோட்டத் தொழிலாளர் பலர் விண்ணப்பிக்காது விட்டனர். அவர்கள் கையில் எஞ்சியது சிவப்பு அடையாள அட்டையே. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், 1969 முதல் குடியுரிமையற்றோர் வேலை அனுமதி பெறவேண்டியவராயினர். அதனைத் தொடர்ந்து தாயகம் திரும்பிய இந்தியத் தொழிலாளர் சுமார் 60,000 பேர் என்னும் மதிப்பீடு ஆய்வுலகில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. ஒரு காலத்தில் கங்காணியின் தாளால் வந்தோர், தமக்கென ஒரு தாள் இல்லாமையால் திரும்பினர் எனலாம்.

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விசாவின்றி மலேசியாவுக்கு வர வழிவகுக்கப்பட்டது. சுற்றுலாவை முன்னிட்ட இவ்வேற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது பயணியை மனத்திற்கொண்டது. பிரிந்த உறவினரை மனத்திற்கொண்டதன்று. பழைய கடல்வழியின் இயல்பு அதனால் மீண்டுவிடவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, மலாயாத் தமிழர் முதலில் உழைப்பாகவும் பின்னரே நாட்டினமாகவும் ஆவணப்படுத்தப்பட்டனர் என்பது. இரண்டாவது, அவ்விரு நிலைகளிலும் உறவைப் பேணுவதற்கான உரிமை பிறர் இசைவைச் சார்ந்தே நின்றது என்பது.

ஆசிரியர்களுக்கு நாம் முன்வைக்கும் வேண்டுகோள் எளியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குக் குடிபெயரும்போது முதலில் எறியப்படுபவை பழைய பெட்டிகளும் அவற்றினுள் இருக்கும் மஞ்சளேறிய தாள்களுமே. நுழைவு அனுமதி, சிவப்பு அட்டை, கப்பல் சீட்டு, காலாவதியான கடப்பிதழ் ஆகியவற்றின் படிகளை மாணவர் வகுப்பறைக்குக் கொண்டுவரட்டும். அவற்றிலுள்ள ஊர்ப்பெயரையும் நாளையும் முத்திரையையும் அவர்களே படிக்கட்டும். இன்றும் உரிய ஆவணமின்றி இந்நாட்டில் வாழும் தமிழர் உளர். ஒரு தாள் இல்லாமை ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை உணர்ந்த மாணவர், அவர்களை வேறு கண்கொண்டு நோக்குவர் என நம்புகிறோம்.