தைராய்டுச் சுரப்பி

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவினாற்போல் அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பியாகும். வலமும் இடமுமாக இரு மடல்களும், அவற்றை இணைக்கும் ஒடுங்கிய பாலமும் சேர்ந்து, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் விளங்கும் இதன் எடை வயதுவந்தோரிடம் சுமார் 20 கிராம்தான். ஆயினும், சரீரத்தின் உயிரணுக்கள் எவ்வளவு வேகத்தில் உணவை எரித்து வெப்பமும் வலிவும் பெறவேண்டும் என்பதையும், குழந்தையின் எலும்பும் மூளையும் எந்த அளவுக்கு வளரவேண்டும் என்பதையும் நிர்ணயிப்பதில் இதற்குள்ள பங்கு, இதனினும் பல மடங்கு பெரிய அவயவங்கள் பலவற்றுக்கு இல்லை. இதன் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டுகள், பெரும்பாலோரிடம் நான்காக இருப்பவை, சுண்ணாம்புச் சத்தை ஆளும் வேறு சுரப்பிகள். அண்டை வீட்டார் என்பதன்றி இதனோடு அவற்றுக்குத் தொழிலுறவு இல்லை.

அமைப்பும் செயலும்: நுண்ணோக்கியில் பார்த்தால் இச்சுரப்பி, ஒற்றை வரிசை உயிரணுக்களால் சூழப்பட்ட எண்ணற்ற நுண்பைகளின் தொகுதியாகத் தோன்றும். ஒவ்வொரு பையினுள்ளும் பசை போன்ற ஒரு பொருள் நிறைந்திருக்கும். உணவின் வழியே இரத்தத்தில் சேரும் மிகச் சிறிதளவு அயோடினைப் பைச்சுவரின் உயிரணுக்கள் ஓயாது கவர்ந்து, இப்பசையிலுள்ள தைரோகுளோபுலின் என்னும் புரதத்தோடு பிணைத்து வைக்க, அங்கேயே நான்கு அயோடின் அணுக்களைக் கொண்ட தைராக்சினும், மூன்று அணுக்களைக் கொண்ட டிரைஅயோடோதைரோனினும் உருவாகின்றன. மற்ற நாளமில்லாச் சுரப்பிகள் தம் ஹார்மோனைப் பெரும்பாலும் தேவைக்கேற்ப அவ்வப்போது ஆக்கி வெளியிட, தைராய்டு மட்டும் பல வாரங்களுக்குப் போதுமான சரக்கைச் சேமித்துவைத்துச் சிறுகச் சிறுகச் செலவிடும் இயல்புடையது. மூளையின் அடிப்புறத்தில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, இரத்தத்தில் தைராக்சின் குறையும்போது தன் தூண்டு ஹார்மோனை மிகுதியாக அனுப்பும்; தைராக்சின் நிறைந்ததும் அதனை அடக்கிக்கொள்ளும். அயோடின் போதாத ஊர்களில் இத்தூண்டுதல் ஓய்வதே இல்லையாகையால், இல்லாத பொருளைத் தேடி உழைத்து உழைத்துச் சுரப்பி பருத்துப்போகிறது. முன்கழுத்துக் கழலை என்று வழங்கும் நோயின் பிறப்பு இவ்வாறானது. வயதுவந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்வு முழுமைக்கும் கணக்கிட்டாலும் நான்கு கிராமுக்கு மேல் ஆகாது.

வரலாறு: சுரப்பியை மனிதர் அறிவதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் வீக்கத்தை அறிந்திருந்தனர். சுசுருத சம்ஹிதை கலகண்டம் என்னும் பெயரால் இதனைக் குறித்து, வாதம், கபம், மேதஸ் ஆகியவற்றால் உண்டாகும் மூவகையாகப் பகுத்துள்ளது. சீன வைத்தியர் கடற்பாசியையும், இத்தாலியின் சலெர்னோ நகரத்து வைத்தியர் சுட்ட கடற்பஞ்சின் சாம்பலையும் கழலைக்கு மருந்தாகக் கொடுத்துவந்தனர். ஏன் குணமாகிறது என்பது இருசாராருக்கும் தெரியாது. 1656 இல் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் இச்சுரப்பிக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டியபோதுகூட, கழுத்துக்கு, சிறப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, வடிவழகு தருவது இதன் பயன்களுள் ஒன்று என்று எழுதியதைக் காணும்போது, பெயரிடுதலும் அறிதலும் வெவ்வேறு என்பது புலனாகும்.

நெப்போலியனின் போர்களுக்கு வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் கூர்த்துவா என்னும் பிரெஞ்சுக்காரர், 1811 இல் கடற்பாசிச் சாம்பலின் கரைசலில் கந்தக அமிலம் சற்று மிகுந்துவிட, ஊதா நிற ஆவி எழக் கண்டார். அயோடின் கண்டுபிடிக்கப்பட்ட விதம் அது. கடற்பஞ்சின் சாம்பலால் கழலை கரைகிறதென்றால் அதற்குக் காரணம் இப்புதிய பொருளாகவே இருக்கவேண்டும் என்று ஊகித்து, ஜெனீவாவின் வைத்தியர் ஜான் பிரான்சுவா க்வாந்தே 1820 இல் அயோடின் கரைசலைத் தம் நோயாளிகளுக்குத் துளிக்கணக்கில் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. ஆனால் ஜனங்கள் மருந்தின் புகழைக் கேட்டு அளவின்றிக் குடிக்கத் தொடங்கவே, நெஞ்சுப் படபடப்பும் உடல் மெலிவும் கண்டு பலர் அவதியுற, அதனை நஞ்சென்று தூற்றும் ஒரு கட்சி எழுந்து, நல்ல பரிகாரம் ஒன்றை அரை நூற்றாண்டுக்கு மேல் மூலையில் கிடத்திவிட்டது. ஆண்டெஸ் மலைநாட்டில் இயற்கையாகவே அயோடின் கலந்த உப்பை உண்ணும் ஊர்களில் கழலை அரிது என்பதைக் கண்டு, அவ்வுப்பையே எங்கும் வழங்கலாம் என்று பூசிங்கோ 1833 இல் எழுதியதும், நீரிலும் மண்ணிலும் உள்ள அயோடினை ஊர் ஊராக அளந்து, குறைந்த இடத்தில் நோய் மிகும் என்று ஷாத்தேன் 1850களில் காட்டியதும் இவ்வாறே பயனற்றுப் போயின. பாரிஸ் அகாதெமியின் பெரியோர், ஷாத்தேனின் அளவைகளைப் பாராட்டிவிட்டு முடிவை மட்டும் தள்ளினர்.

இங்கிலாந்தில் இதற்கிடையே வேறொரு திசையிலிருந்து விஷயம் தெளிவடைந்து வந்தது. தைராய்டே இல்லாமல் பிறந்து, வளர்ச்சி குன்றி மாண்ட இரு குழந்தைகளைப் பற்றிக் கர்லிங் 1850 இல் எழுதினார். நடுவயதுப் பெண்கள் சிலர் முகம் உப்பி, தோல் தடித்து, பேச்சும் எண்ணமும் மந்தமாகிப்போவதை வில்லியம் கல் 1873 இல் விவரிக்க, அந்நோய்க்கு மிக்சிடீமா என்று ஆர்டு 1878 இல் பெயரிட்டார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ரண சிகிச்சைப் பேராசிரியராக விளங்கிய தியோடர் கோஹர், அக்காலத்தில் உயிராபத்து மிக்கதெனக் கருதப்பட்ட கழலை அறுவையைத் தூய்மையாலும் பொறுமையாலும் ஒரு நுண்கலையாக்கி, பல நோயாளிகளின் சுரப்பியை முற்றிலும் நீக்கிவந்தார். அவ்வாறு 1874 இல் அறுவை செய்யப்பட்ட பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியின் குணம் மாறிவிட்டதென ஊர் மருத்துவர் சொல்லக் கேட்டு, கோஹர் அவளை வரவழைத்துப் பார்த்தார். அறுவைக்கு முன்பு ஒருத்தியை மற்றொருத்தியென மயங்கும்படி அவளை ஒத்திருந்த இளைய சகோதரி நெடிது வளர்ந்து செழித்த பெண்ணாயிருக்க, இவளோ உருவம் குறுகி, முகம் ஊதி, அறிவு மங்கி நின்றாள். அதிர்ந்துபோன கோஹர், சுரப்பி முழுவதும் நீக்கப்பெற்ற ஏனையோரையும் அழைத்துச் சோதிக்க, வந்த 18 பேரில் 16 பேரிடம் அதே சீர்கேட்டைக் கண்டார். 1883 இல் இதனை மறைக்காமல் வெளியிட்டு, இனி ஒருபோதும் சுரப்பியை முழுவதும் அகற்றுவதில்லை என்று உறுதிகொண்டார். ஜெனீவாவின் ரெவெர்தென் ஓராண்டு முன்னதாகவே இத்தகைய நோயாளிகளைப் பற்றிப் பேசினார் என்பது உண்மையே. எனினும் நோயாளிகளைத் தேடிச் சென்று விசாரித்து முடிவு கண்டவர் கோஹர் ஆதலால், கண்டுபிடிப்பின் பெருமை அவரையே சாரும். 1909 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கல் கண்ட மிக்சிடீமாவும், மலைநாட்டுக் குழந்தைகளின் வளர்ச்சியையும் அறிவையும் குன்றச்செய்யும் கிரெட்டினிசமும், கோஹர் கண்ட சீர்கேடும் ஒரே குறையின் மூன்று வேடங்கள் என்று லண்டன் கிளினிக்கல் சொசைட்டியின் குழு 1888 இல் அறிக்கை தந்தது. பின்பு எஞ்சியது, இல்லாததை ஈடுசெய்வதுதான். நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் வைத்தியர், ஆட்டின் தைராய்டைக் கிளிசரினில் ஊறவைத்துப் பிழிந்த சாற்றை, மிக்சிடீமா முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு 1891 இல் ஊசிவழி செலுத்தினார். சில மாதங்களில் அப்பெண் பழைய முகத்தையும் சுறுசுறுப்பையும் பெற்றார். மறு ஆண்டே சுரப்பியை வாய்வழி உண்டாலும் பலன் உண்டென்று தெரிந்துவிடவே, அவர் அம்மருந்தை உட்கொண்டபடியே 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919 இல் காலமானார். குறைபட்ட ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்து உடலைச் சீராக்கும் சிகிச்சை முறைக்கு இதுவே முதல் வெற்றி. இன்சுலின் வந்தது இதற்கு முப்பது ஆண்டுகள் பின்னர். ஹார்மோன் என்னும் பெயரையே ஸ்டார்லிங் 1905 இல்தான் வழங்கினார்.

சுரப்பியில் அயோடின் உண்டு என்பதை ஃப்ரைபுர்கின் பௌமான் 1895 இல் கண்டார். தவளைக் குஞ்சுகளுக்குக் குதிரையின் தைராய்டை உணவாக இட்ட குடர்னாட்ஷ், அவை வளரவேண்டிய அளவு வளராமலே விரைந்து உருமாறி ஈ அளவுத் தவளைகளாகிவிட்ட விந்தையை 1912 இல் வெளியிட்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல், 1914 டிசம்பர் 25 அன்று தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். அதன் அமைப்பை ஹாரிங்டன் 1926 இல் துணிந்து, மறு ஆண்டு பார்கருடன் சேர்ந்து ஆய்வுக்கூடத்தில் ஆக்கியும் காட்டினார். மூன்று அயோடினுடைய ஹார்மோன் 1952 இல்தான் கிட்டியது.

தடுப்பும் இந்தியாவும்: ஒஹையோவின் ஆக்ரன் நகரத்தில் மரைனும் கிம்பலும் 1917 இல் பள்ளிச் சிறுமியருக்கு ஆண்டுக்கு இருமுறை சோடியம் அயோடைடு கொடுத்துப் பார்த்ததில், மருந்துண்ட 2,190 பேரில் ஐவருக்கும், உண்ணாத 2,305 பேரில் 495 பேருக்கும் கழலை கண்டது, இதன்மேல் ஐயத்துக்கு இடமேது? சுவிட்சர்லாந்தில் 1922 முதல் உப்பிலேயே அயோடின் கலந்தனர்.

இமயத்தின் அடிவாரத்திலோ, மழையும் பனிப்பாறையும் மண்ணின் அயோடினைக் கழுவிக் கொண்டுபோய்விட்டமையால், கழலை தலைமுறை தலைமுறையாக வீட்டுச் சொத்துப் போல இறங்கிவந்தது. கில்கித்தில் பணிபுரிந்த மருத்துவர் ராபர்ட் மக்காரிசன், ஓடைக்கரையில் வரிசையாக அமைந்த கிராமங்களில் கீழே செல்லச் செல்ல நோய் மிகுவதைக் கண்டு, அசுத்த நீரே காரணம் என்று கருதி, அந்நீரின் வண்டலைத் தாமே குடித்துச் சோதித்தார். தைரியம் மெச்சத்தக்கது, முடிவு தவறானது. பின்னர் நீலகிரியின் குன்னூருக்கு வந்து, ஊட்டக்குறை நோய்களின் ஆராய்ச்சிக்கு அவர் இட்ட வித்தே, ஹைதராபாத்துக்கு 1958 இல் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. குன்னூரில் பணியாற்றியவரான வுலிமிரி ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956 முதல் காங்கடாப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடும், மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட்டும் கலந்த உப்பையும், நடுமண்டலத்துக்கு வெறும் உப்பையும் வழங்கினர். முதலிரண்டிலும் சில ஆண்டுகளில் கழலை பாதிக்கும் கீழாகக் குறைய, நடுமண்டலத்தில் குறையவே இல்லை. ஈரக்காற்றிலும் கெடாத அயோடேட்டே நம் நாட்டுக்கு ஏற்றதெனக் கொள்ளப்பட்டு, 1962 இல் தேசியத் திட்டம் தோன்றியது.

கழலை மலைநாட்டு நோய் என்ற எண்ணம் நீங்கி, கருவிலுள்ள சிசுவின் மூளைக்கே அயோடின் இன்றியமையாதது என்று தெளிந்தபின், அயோடின் சேராத உப்பை உணவுக்கு விற்பது 1998 இல் தடைசெய்யப்பட்டது. 2000 இல் தடை விலக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் வந்தது. உப்புச் சத்தியாக்கிரகத்தை நினைவூட்டிச் சிலரும், சிறு உப்பளக்காரரின் பிழைப்பைச் சுட்டிச் சிலரும் செய்த ஆட்சேபங்கள் உணர்ச்சி மிக்கவையேயன்றி வைத்திய சாஸ்திரத்தைச் சார்ந்தவை அல்ல. தூத்துக்குடியும் வேதாரணியமும் உப்பு விளைக்கும் தமிழ்நாட்டிலேயே, கல்லுப்பின்மேலுள்ள விருப்பத்தால், அயோடின் உப்பு வாங்கும் வீடுகளின் விகிதம் பிற மாநிலங்கள் பலவற்றினும் குறைந்திருப்பது வியப்புக்குரியது. உப்பு ஆலையை விட்டுப் புறப்படுகையில் பத்து லட்சத்தில் 30 பங்கும், வீட்டில் 15 பங்கும் அயோடின் இருத்தல் விதி.

பிற நோய்கள்: சுரப்பு மிகுந்தால் நெஞ்சு படபடத்து, கை நடுங்கி, உடல் மெலிந்து, சிலருக்குக் கண்கள் பிதுங்கும். டப்ளினின் கிரேவ்ஸ் 1835 இலும், ஜெர்மானியரான பாசிடோ 1840 இலும் விவரித்த இந்நோய், உடலின் தற்காப்பு ஆற்றல் தன் சுரப்பியையே தவறாகத் தூண்டுவதால் வருவது. அதே ஆற்றல் சுரப்பியைச் சிதைக்கும் நோயை ஜப்பானியரான ஹஷிமோட்டோ 1912 இல் கண்டார். உப்பில் அயோடின் நிறைந்த ஊர்களில் சுரப்புக் குறைவுக்குப் பெருங்காரணம் இன்று அதுவே. மிகைக்குச் சுரப்பை அடக்கும் மாத்திரை, கதிரியக்க அயோடின், ரண சிகிச்சை ஆகியவையும், குறைவுக்கு வெறும் வயிற்றில் நாள்தோறும் உண்ணும் தைராக்சின் மாத்திரையும் வழங்குகின்றன. இச்சுரப்பியில் வரும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை, குணப்படுத்தக்கூடியவை. 1970களில் கனடாவின் கியூபெக்கில் தொடங்கியபடி, பிறந்த சிசுவின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, சுரப்பு குறைந்தோருக்கு முதலிரு வாரங்களிலேயே மாத்திரையைத் தொடங்கினால் மூளை வளர்ச்சி பிழைக்கும். இந்தியாவின் எல்லா மருத்துவமனைகளுக்கும் இச்சோதனை இன்னும் எட்டவில்லை.