பல்கலைக்கழக அரங்கும் வானொலித் தொடரும்: ஈழத்துப் பேச்சுத்தமிழ் எழுத்துருப் பெற்ற வரலாறு

அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக மாணவர் 1991இல் 'பே ஸ்டேட்' என்னும் தொலைக்காட்சித் தொடர் நாடகத்தைத் தொடங்கினர். எழுதியோரும் நடித்தோரும் சில ஆண்டுகளிற் பட்டம் பெற்று வெளியேற, புதியோர் அவ்விடத்தை ஏற்றுத் தொடரை நெடுங்காலம் நடத்தினர். ஆள் மாறினும் பாத்திரம் மாறாதிருக்க வேண்டுமாயின் அப்பாத்திரத்தின் பேச்சு ஒருவர் நாவில் மட்டுமன்றி ஏட்டிலும் நிலைபெறுதல் வேண்டும். தமிழில் இது எளிதன்று. பேசுவது ஒன்று, எழுதுவது மற்றொன்று என்னும் இரட்டை வழக்குடைய மொழியில், பேச்சை ஏட்டில் நிறுத்த முனைபவன் முதலிற் புலவர்தம் ஒவ்வாமையையும் அடுத்து எழுத்திலக்கணத்தின் போதாமையையும் எதிர்கொள்கிறான். மாணவர் நாடகத்தின் வழியாக இவ்விரண்டையும் எதிர்கொண்ட வரலாறு ஈழத்தில் உண்டு. அது கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரங்கிலே தொடங்கிற்று.

அவ்வரலாற்றின் நடுவே நிற்பவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை (1903–1968). பருத்தித்துறையை அடுத்த புலோலியிற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கி.பி. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து இலண்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். 1936இல் கல்லூரியில் விரிவுரையாளரானார். 1947இல் விபுலாநந்தருக்குப்பின் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானார். இத்தகைய கல்வெட்டறிஞர் தம் மாணவர் நடிப்பதற்கென எழுதிக் கொடுத்தவையோ யாழ்ப்பாணத்து வீட்டிலும் வீதியிலும் கேட்கும் தமிழில் அமைந்த நகை நாடகங்கள். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்னும் நான்கும் 1940இல் 'நானாடகம்' என்னும் பெயரில் நூலாயின. உள்ளே பேச்சு வழக்கு. மேலட்டையிலோ நால் என்பதும் நாடகம் என்பதும் புணர்ந்த செவ்விய புணர்ச்சி! பண்டிதரை நோக்கிய குறும்பு இதுவெனக் கருதத் தோன்றுகிறது. 1952இல் 'இருநாடகம்' வெளிவந்தது.

உலகியல்பை உள்ளவாறு காட்டுவது நாடகமாதலின், அரங்கில் ஆடுவோரும் மக்கள் பேசுமாறே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. இதனைக் கொச்சைக்குத் தந்த உரிமை எனக் கொள்வது பொருந்தாது. வடமொழி இரத்தினாவளியைத் தழுவிய 'மாணிக்கமாலை'யிலும் (1952), யாழ்ப்பாண வரலாறு பற்றிய 'சங்கிலி'யிலும் (1956) அவர் இலக்கிய வழக்கையே ஆண்டார். எந்தப் பொருளுக்கு எந்த வழக்கு என்பதே அவர் எழுப்பிய வினா. 1958இல் யாழ்ப்பாணத் தமிழின் ஒலியியல் பற்றி அவர் எழுதிய ஆங்கிலக் கட்டுரை டர்னர் நிறைவு மலரில் வெளியாயிற்று. மொழியியலார் ஆராயத் தகுந்ததெனக் கண்ட பேச்சை, இரு பதிற்றாண்டுகட்கு முன்னரே அவர் மாணவர் நாவில் ஏற்றிவிட்டார் என்பது நோக்கத்தக்கது.

அப்பேச்சின் தன்மையை மொழிபெயர்ப்பாளர் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். தமிழகப் பேச்சில் வழக்கொழிந்த உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என உயிரோடிருக்கிறது. 'அவை வருகினம்' என்றால் அவர்கள் வருகிறார்கள் என்பது பொருள்; தமிழக வாசகரோ 'அவை' என்பதை அஃறிணையாகக் கொண்டு மயங்குவர். 'நீர்' என்பது தமிழகத்துக் காதுக்குப் பழமையாகவோ செருக்காகவோ ஒலிக்க, அங்கு அது நீ, நீங்கள் என்பவற்றிற்கு இடைப்பட்ட அன்புரிமையான விளி. கணவன் மனைவியை அவ்வாறு அழைப்பது இயல்பு. வரிவடிவத்திலும் சிக்கல் உண்டு. 'என்னுடைய' என்பதன் பேச்சு வடிவத்தை 'என்ரை' என்று ஒருவர் எழுத, 'என்ர' என்று மற்றொருவர் எழுதுவார். இரண்டும் ஒலியை முற்றக் காட்டுவன அல்ல.

அரங்கிற்கு ஒரு மாலையிற் சில நூறு பேர் வரலாம். வானொலியோ வாரந்தோறும் வீட்டிற்குள் நுழைவது. 1949 முதல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயரில் இயங்கிய இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதிக்கு 1950களில் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் பொறுப்பாயிருந்தார். ஈழத்துச் சிறுகதை முன்னோடி மூவருள் ஒருவரான இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' என்னும் தொடர் நாடகம் யாழ்ப்பாணப் பேச்சில் அமைந்து புகழ்பெற்றது. அதில் விதானையாராக நடித்தவர் பல்கலைக்கழக நாடகங்களிற் பழகிய கார்த்திகேசு சிவத்தம்பி. பின்னாளில் தமிழ் நாடக வரலாற்றை ஆராய்ந்த பேராசிரியர் அவரே. அரங்கிற்கும் தொடருக்கும் இடையேயுள்ள உறவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டா.

உடையார், விதானை என்னும் இருவரும் ஆங்கிலேயர் ஆட்சிக்கால ஊர்த் தலைமை அலுவலர். மேலிடத்து ஆணையைக் கீழே கொண்டுவருபவராதலின், அத்தகையோர் நாவில் அலுவலகச் சொல்லும் ஊர்ச்சொல்லும் அருகருகே புழங்கும். நாடகாசிரியர் இருவரும் இவ்வலுவலரைத் தேர்ந்தமைக்கு இம்மொழிக் கலப்பும் ஒரு காரணமாகலாம். 1963இல் அப்பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். அதனுடன் 'விதானையார்' என்னும் விளியிலிருந்த அச்சமும் ஏளனமும் மங்கின. இன்று அச்சொல்லை வேற்றுமொழிக்குப் பெயர்ப்பவர் 'ஊர்த் தலைவர்' எனக் குறிப்பாராயின் அந்நகைச்சுவை முழுதும் கெடும்.

1970களில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் வானொலித் தொடர் இம்முறையை வேறொரு தளத்திற்குக் கொண்டு சென்றது. முஸ்லிம் மக்கள் பேச்சில் மரைக்கார், யாழ்ப்பாணப் பேச்சில் அப்புக்குட்டி, பார்ப்பனர் பேச்சில் ஐயர், சிங்களவர் பேசும் தமிழில் உபாலி என நால்வர் நான்கு தமிழ் பேசினர். 1976இல் அது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாயிற்று. இதனை இலக்கியத் தரத்தில் முன்னையவற்றோடு வைத்தல் இயலாது. சிரிப்பிற்காக வழக்கை மிகைப்படுத்தும் குறையும் இத்தகைய நாடகத்திற்கு உண்டு. எனினும் வேற்றுமொழியாளன் பேசும் தமிழும் ஒரு தமிழே என ஏற்றமை சிறிய செய்தியன்று.

மும்பையில் தமிழ் எழுதுவோர்க்கு இது நேரே பயன்படுவது. தாராவியிலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் பேச்சு, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டு ஐயர் பேச்சு, எல்லார்க்கும் பொதுவாக மராத்தியும் இந்தியும் கலந்த நகரச் சொற்கள் என ஒரு தொடர் நாடகத்திற்கு வேண்டிய குரல்கள் யாவும் இங்குள. இடர், வரிவடிவத்திலே தொடங்குகிறது. தங்கும் ஒற்றையறை வீட்டைக் குறிக்கும் மராத்திச் சொல் தமிழெழுத்திற் 'கோலி' ஆகிவிடுகிறது. 'எங்க கோலிக்கு வாங்க' என்று பாத்திரம் அழைப்பதாக எழுதினால் மதுரை வாசகர்க்குச் சிறுவர் விளையாடும் கோலிக்குண்டே நினைவிற்கு வரும். 'அறை' எனத் திருத்தினாலோ, சமையலும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்புமாக ஒரு குடும்பம் முழுதும் வாழும் இடம், வீட்டின் ஒரு பகுதியாகச் சுருங்கிவிடும்.