எடுத்தனூர்க் கல்லும் ஷாவோலின் கல்லும்

கோவிவன் என்று ஒரு நாய் இருந்தது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் எருமைகளைக் காக்கப் போராடிய கருந்தேவக்கத்தி என்பவன் உயிர்விட்டான். வாணகோவரையர் குடும்பத்தைச் சேர்ந்த பொற்றொக்கையார் என்பவரிடம் சேவகனாக இருந்தவன் அவன். கூட இருந்த கோவிவன் இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது. ஊரார் கல் நட்டார்கள். வீரனின் உருவத்தோடு நாயின் உருவத்தையும் செதுக்கி, இருவர் பெயரையும் வட்டெழுத்தில் பொறித்தார்கள். பல்லவப் பேரரசின் தளபதிகள் எத்தனையோ பேருடைய பெயர் நமக்குத் தெரியாது. எடுத்தனூர் நாயின் பெயர் தெரியும்.

திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் ஏராளம். வயலோரத்தில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நின்றிருந்த அவற்றை ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து, இரா. நாகசாமியின் பதிப்பில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. ஏன் இந்த வட்டாரத்தில் இவ்வளவு கற்கள்? ஜவ்வாது மலைக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி மேய்ச்சல் நிலம். மாடுதான் செல்வம். ஒருவர் மந்தையை இன்னொருவர் ஓட்டிக்கொண்டு போவதும், பறிகொடுத்தவர்கள் துரத்திப்போய் மீட்பதும் இங்கே பல நூற்றாண்டு வழக்கம். கல்வெட்டுகள் மந்தையைத் தொறு என்கின்றன. தொறு கொண்டபோது பட்டவன், தொறு மீட்டுப் பட்டவன் என்று இரு தரப்பாருக்கும் கல் உண்டு. கவர வந்து செத்தவனுக்கும் அவன் ஊரில் மரியாதை இருந்திருக்கிறது.

மாடு கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது இந்த வாழ்க்கைக்குத்தான். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று கல் நடுவதற்கும் அது ஆறு படிகள் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்-பிராமி நடுகல்லும் கூடலூரில் மாடு கவர்ந்தபோது நடந்த ஆகோள் பூசலைப் பற்றியதே. அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் செங்கத்தில் அதே காரணத்துக்காக ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அதே முறையில் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கற்களைச் சண்டை தெரிந்தவரின் கண்ணோடு பார்க்க வேண்டும். பெரும்பாலான கற்களில் வீரன் இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்தியிருக்கிறான். ஒரு கால் முன்னே வைத்து, முழங்கால் மடங்கி, உடல் எதிராளியின் பக்கம் சாய்கிறது. சில கற்களில் மார்பிலோ தொடையிலோ அம்பு தைத்திருக்கிறது. காலடியில் மாடுகள், பக்கத்தில் கிண்டியும் சிமிழும். வில்லைக் கையில் வைத்துக்கொண்டே வாளை உருவியிருக்கிறான் என்றால், தூரத்துச் சண்டை முடிந்து கைகலப்பு தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும். அம்பு விட நேரமில்லை, வில்லைக் கீழே போடவும் நேரமில்லை. அந்த வில்லைத் தடுப்புக்கும் பயன்படுத்தியிருப்பான். சிற்பி அழகுக்காகக் கற்பனை செய்த நிலையாக இது தெரியவில்லை. பார்த்தவர் சொல்லக் கேட்டு, அல்லது தானே பார்த்து, செதுக்கியது போலிருக்கிறது.

உலகில் சண்டைக் கலைகளுக்கு எஞ்சியிருக்கும் பழைய சான்றுகள் பெரும்பாலும் அரசர்களும் பிரபுக்களும் விட்டுச்சென்றவை. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவர்களில் ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மற்போர் ஓவியங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு பிடியும் துல்லியம். ஆனால் அது ஆளுநர் ஒருவரின் கல்லறை, மல்லர்களுக்குப் பெயரில்லை. கிரேக்கர்கள் கி.மு. 648இல் ஒலிம்பிக்கில் பங்க்ரேஷன் என்ற கட்டற்ற சண்டையைச் சேர்த்தார்கள். வென்றவனுக்குச் சிலை எழுந்தது, தோற்றவனை யாரும் எழுதி வைக்கவில்லை. செங்கத்தில் கல் கிடைத்தது செத்தவனுக்கு. அதுவும் சேவகனுக்கு, மாட்டுக்காரனுக்கு, நாய்க்கு.

இதைச் சொல்லும்போது போதிதர்மரைத் தவிர்க்க முடியாது. 2011இல் ‘ஏழாம் அறிவு’ திரைப்படம் வந்தபின், காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர் சீனாவுக்குப் போய் ஷாவோலின் துறவிகளுக்குச் சண்டை கற்றுக்கொடுத்தார் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. மேற்கே பாரசீகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பும் உண்டு. இரண்டும் அவரைத் துறவியாகவே காட்டுகின்றன. அவரை உடற்பயிற்சியோடும் சண்டையோடும் முடிச்சுப்போட்டது பதினேழாம் நூற்றாண்டில் வெளிவந்த ‘யிஜின் ஜிங்’ என்ற நூல். அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் இந்தக் கதையை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பிரித்துக் காட்டிவிட்டார்.

ஷாவோலினின் உண்மையான பழைய சான்றும் ஒரு கல்தான். கி.பி. 621இல் தாங் வம்சத்து லி ஷிமின் ஒரு போட்டித் தளபதியோடு மோதியபோது ஷாவோலின் துறவிகள் அவர் பக்கம் நின்று போரிட்டார்கள். அதற்காக அரசு நிலம் கொடுத்தது. அந்தச் செய்தியையும் பதின்மூன்று துறவிகளின் பெயர்களையும் 728இல் மடத்தில் நிறுவிய கல்வெட்டு சொல்கிறது. எடுத்தனூரில் கருந்தேவக்கத்தி விழுந்ததும் ஷாவோலின் துறவிகள் போருக்குப் போனதும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில். அங்கே நிலத்துக்காக, இங்கே எருமைக்காக. எவரும் எவருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதனால் சண்டை கற்றார்கள். தமிழரின் போர்க்கலைக்குப் பெருமை தேடுகிறவர்கள் சீனாவரை போக வேண்டாம், செங்கம் வரை போனால் போதும்.

திருவண்ணாமலை நகரத்துக்கும் தனியாகப் போர்க்கதை உண்டு. துவாரசமுத்திரத்தை டெல்லிப் படைகள் சூறையாடியபின் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் இங்கே தங்கி ஆண்டான். அண்ணாமலையார் கோயிலின் வல்லாள கோபுரம் அவன் பெயரைச் சொல்கிறது. மதுரை சுல்தானோடு கண்ணனூரில் நடந்த போரில், 1342ஐ ஒட்டி, எண்பது வயதில் அவன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அந்தக் கொலையின் கொடுமையை இபின் பதூதா எழுதி வைத்திருக்கிறார். வல்லாளனுக்கு வாரிசு இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையாக வந்தார் என்பது ஊர் வழக்கு. இன்றும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். களத்தில் விழுந்தவனை மறக்காமல் இருப்பதில் நடுகல்லுக்கும் இந்தத் திதிக்கும் வேறுபாடு அதிகமில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் கைச்சண்டையின் காலம் முடிந்தது. முடிந்த இடங்களில் சில இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. 1751இல் ஆரணியில் ராபர்ட் கிளைவ் வென்றார். 1760 ஜனவரி 22இல் வந்தவாசியில் அயர் கூட்டின் படை பிரெஞ்சுத் தளபதி லாலியைத் தோற்கடித்தது. இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்களின் கனவு அன்றே கலைந்தது. 1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை ஹைதர் அலியோடும் நிஜாமோடும் மோதியது. உயர்ந்த மதில் கொண்ட அண்ணாமலையார் கோயிலே அந்தக் காலத்துப் போர்களில் கோட்டையாகப் பயன்பட்டு, பலமுறை முற்றுகைக்கு ஆளானது. நடுகல் வீரன் நின்ற அதே மண்ணில் துப்பாக்கி வரிசையும் பீரங்கியும் முடிவைத் தீர்மானித்தன.

1801இல் கர்நாடக நவாபின் ஆட்சிப்பகுதி முழுவதும், திருவண்ணாமலை உட்பட, கம்பெனியின் கைக்குப் போனது. அதே ஆண்டு டிசம்பர் 1இல், மருது சகோதரர்களின் கிளர்ச்சியை ஒடுக்கிய கையோடு, தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்து கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் வெளியிட்டார். ஆரணியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன் இவர்.

ஆயுதத்தைப் பிடுங்குவது ஆட்சியாளர்கள் உலகெங்கும் செய்த வேலை. ஜப்பானில் 1876இல் சாமுராய்கள் வாள் தரிக்கத் தடை வந்தது. ஆறே ஆண்டில், 1882இல், கானோ ஜிகோரோ என்ற இளம் ஆசிரியர் டோக்கியோவில் ஒரு கோயில் அறையில் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜுஜுட்சுவிலிருந்து ஆபத்தான பிடிகளை ஒதுக்கி ஜூடோவை வகுத்தார். 1964இல் அது ஒலிம்பிக்கில் ஏறியது. பிரேசிலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வளர்த்த கபோயிராவை 1890ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. மெஸ்ட்ரே பிம்பா 1930களில் முறையான பள்ளி நடத்தி அதற்கு மதிப்புத் தேடித்தந்தார். 2014இல் யுனெஸ்கோ அதை மானுடப் பாரம்பரியமாக ஏற்றது.

தமிழ்நாட்டில் வாளும் வேலும் போனபின் கம்பு மிஞ்சியது. மாடு மேய்ப்பவன் கையில், காவல்காரன் கையில், களத்துமேட்டில் இருக்கும் கம்பை எந்தச் சட்டத்தால் பறிக்க முடியும்? சிலம்பம் தப்பியதற்கு அந்த எளிமை ஒரு முக்கியக் காரணம் என்று சொல்லலாம். ஆளின் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு போதும். வாத்தியார் முதலில் கம்பைக் கொடுக்கமாட்டார், காலடி பழக்குவார். கால் சரியாக விழுந்தபின்தான் வீச்சு. களத்தில் இறங்கியதும் மண்ணைத் தொட்டு, வாத்தியாரை வணங்கி, சலாம் வரிசை போட வேண்டும். எதிராளியின் உடம்பில் கம்பு முனையால் பொட்டு வைப்பவனுக்கு வெற்றி. எலும்பை முறிக்கத் தெரிந்தவன் பொட்டோடு நிறுத்திக்கொள்வதில்தான் பயிற்சியின் அருமை இருக்கிறது.

வட தமிழகத்தில் போரின் நினைவைக் காப்பாற்றிய இன்னொரு இடம் திரௌபதி அம்மன் கோயில். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமங்களில் அக்னி வசந்த விழா வந்தால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. புகழ்பெற்ற கூத்து மரபைக் கொண்ட புரிசை, செய்யாறு பக்கம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பதினெட்டாம் போரன்று மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் களத்தில் படுத்திருப்பான். பீமன் வேடக்காரர் சுற்றிச் சுற்றி ஓடிவந்து அவன் தொடையில் கதையால் அடிப்பார். படுகளம் பார்க்கச் சுற்றுவட்டாரமே திரண்டு நிற்கும்.

இன்று சிலம்பத்துக்கு நல்ல காலம். எம்.ஜி.ஆர். ‘பெரிய இடத்துப் பெண்’ணில் கம்பு சுற்றிய காலத்தில் அதைத் திரையில் பார்த்துக் கைதட்டினார்கள். இன்று பள்ளிப் பிள்ளைகள், பெண் குழந்தைகள் உட்பட, மைதானத்தில் சுற்றுகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஆனால் அலங்காரச் சுற்றுக்கே கைதட்டல் விழுகிறது. தீப்பந்தம் சுற்றுவதும், கண்ணைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காகச் சாதனைக்குச் சுற்றுவதும் பெருகுகின்றன. காலடியும் தடுப்பும் எதிராளியும் இல்லாத சிலம்பம் உடற்பயிற்சியாக மட்டும் நின்றுவிடும். கானோ ஜூடோவை வகுத்தபோது ஆபத்தை எடுத்தார், எதிராளியை எடுக்கவில்லை. நம் வாத்தியார்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

நடுகற்களின் கதிதான் கவலை தருகிறது. இன்னும் வெளிச்சத்துக்கு வராத கற்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்தார் புதிய கற்களைக் கண்டுபிடித்து அறிவித்தபடியே இருக்கிறார்கள். சில ஊர்களில் வேடியப்பன் என்று பெயரிட்டு, எண்ணெய் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். அங்கே கல் பத்திரமாக இருக்கிறது. கும்பிட ஆளில்லாத கல் சாலை விரிவாக்கத்திலும் ஏர் உழவிலும் உடைகிறது, எழுத்து தேய்கிறது.

உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ வில்லும் வாளும் ஏந்திய ஆள் செதுக்கிய பலகைக்கல் ஒன்று கிடந்தால் அதைப் பெயர்த்து நகர்த்தாதீர்கள், எழுத்தின் மேல் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்காதீர்கள். ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். சிலம்பம் கற்கும் பிள்ளைகளை ஒரு நாள் அந்தக் கல்லின் முன் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள்.